அடித்துவிட்டு எழுதிய விடை

கார்பனுக்கு நான்கு கைகள்தான், அதாவது நான்கு பிணைப்பு. இருபத்திரண்டு வருடமாக இதைத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன ஜூனில் என் முன்னால் உட்கார்ந்திருந்த ஆறு பிள்ளைகளில் நான்கு பேர் கார்பனுக்கு ஐந்து கை வரைந்து வைத்திருந்தார்கள். ஒருத்தன் ஆறே போட்டிருந்தான். ஏன்டா என்றால், "ஹைட்ரஜன் மிச்சம் இருந்துச்சு மிஸ், அதான் சேத்துட்டேன்" என்றான். மிஞ்சின சாம்பாரை யார் தட்டிலாவது ஊற்றுவதுபோல ஊற்றியிருக்கிறான்.

ஆறு பேருக்கும் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் அரியர். துணைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் மேடம் கரை சேக்கணும்" என்று சொல்லிவிட்டு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். காலையில் ஓசூரில் பஸ் ஏறினால், பாலம் கட்டுகிறேன் பேர்வழி என்று தோண்டிப்போட்ட நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பள்ளி வந்துசேர ஒன்றரை மணி நேரம். வகுப்பறைகளில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததால் நூலக அறையில்தான் பாடம். மின்விசிறி சுற்றும், காற்று வராது. பிள்ளைகள் தங்களுக்குள் தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் முணுமுணுப்பார்கள். மூன்று மொழியிலும் கார்பனுக்கு ஐந்து கைதான்.

அவர்களில் ஒருத்திக்குத்தான் இந்தத் தேர்வு உயிர்போகிற விஷயம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். இந்த ஒரு பாடம் மட்டும் நின்றுபோயிருந்தது. நர்சிங் கல்லூரியில் இடம் பேசிவைத்திருந்தார்கள். இந்தத் தடவை தேறினால் இடம் உண்டு. இல்லையென்றால் ஒரு வருடம் வீண், அதற்குப் பிறகு வீட்டில் படிக்க விடுவார்களா என்பதும் சந்தேகம். அவளும் அம்மாவும் மாம்பழ சீசனில் சாலையோரத்து மண்டி ஒன்றில் காய் தரம் பிரிக்கப் போவார்கள். மதியம் வரை என்னிடம் ஹைட்ரோகார்பன், அதன்பிறகு மண்டி. கையில் மாம்பால் பட்ட கறுப்புத் தழும்புகளோடுதான் வருவாள்.

ஹைட்ரோகார்பன் பாடத்தை நான் முதலில் எடுத்ததற்குக் காரணம் அது சுலபம் என்பதுதான். கார்பன், ஹைட்ரஜன், இரண்டே சாமான். ஒற்றைப் பிணைப்பு என்றால் ஒரு குடும்பம், இரட்டை என்றால் இன்னொன்று, மூன்று என்றால் வேறொன்று. சமையல் கேஸ், பெட்ரோல், வெல்டிங் பட்டறையில் எரிகிற அசிட்டிலீன் என்று அவர்கள் தினமும் பார்க்கிற பொருளாகவே எடுத்துச் சொன்னேன். கால்சியம் கார்பைடில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வரும் என்று பலகையில் சமன்பாடும் எழுதினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பிக் கெட்டவள் நான்.

இரண்டாவது வாரம் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். காயைப் பழுக்க வைக்கும் ஹைட்ரோகார்பன் எது என்பது ஒரு கேள்வி. எத்திலீன் என்று பாடத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆறு பேரும் அசிட்டிலீன் என்று எழுதியிருந்தார்கள். ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியிருந்தாலாவது மன்னித்திருப்பேன். தனித்தனியாக உட்கார்ந்து, தனித்தனியாகத் தப்பு செய்திருந்தார்கள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "கழுதைக்குச் சொல்லியிருந்தாலும் இந்நேரம் எத்திலீன்னு கத்தியிருக்கும்!" என்று ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் எழுந்தாள். "மிஸ், எங்க மண்டியில காய்க்கு நடுவுல கல்லுதானே வெக்கிறாங்க. பேப்பர்ல மடிச்சு வெப்பாங்க. காய் வேத்து ஈரம் பட்டதும் கேஸ் வரும், ரெண்டு நாள்ல மஞ்சளாயிடும். அந்தக் கல்லு கார்பைடுதான் மிஸ். கார்பைடுல தண்ணி பட்டா அசிட்டிலீன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப பழுக்க வெக்கிறது அசிட்டிலீன்தானே?"

அவள் சொன்னது சரி. கார்பைடு வைப்பது சட்டப்படி குற்றம், உடம்புக்கும் கெடுதி, அது வேறு பேச்சு. ஆனால் அதில் வரும் அசிட்டிலீன் எத்திலீனைப் போலவே காயை ஏமாற்றிப் பழுக்க வைக்கும் என்பது உண்மை. மூன்று வாரத்தில் அந்த அறையில் நடந்த ஒரே வேதியியல் அதுதான். ஒரு பெண் இரண்டு பாடத்தைத் தானாகவே முடிச்சுப் போட்டிருந்தாள். வேறு ஒரு நாளாக இருந்தால் அவளைப் பலகைக்குக் கூப்பிட்டிருப்பேன்.

தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. "விடைத்தாள் திருத்துறவரு உன் மண்டிக்கு வந்து பார்க்க மாட்டாரு! கல்லையும் மறந்துடு, அசிட்டிலீனையும் மறந்துடு. எத்திலீன், எத்திலீன், எத்திலீன்! நூறு தடவை எழுதிட்டு வா" என்று கத்தினேன். நூலகத்துக்கு வெளியே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரே எட்டிப் பார்த்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் நூறு எத்திலீன்களை நீட்டினாள், மண்டியில் வேலைக்கு நடுவே எழுதினாளோ என்னவோ, தாளின் ஓரமெல்லாம் பால் கறை.

தேர்வன்று கிருஷ்ணகிரியில் தேர்வு மையத்துக்கு வெளியே போய் நின்றேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை, வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவள்தான் முதலில் ஓடிவந்தாள்.

"ஈஸி மிஸ்! கார்பைடுல தண்ணி ஊத்துனா என்ன வரும், சமன்பாடு எழுதுன்னு கேட்டிருந்தாங்க. மொதல்ல அசிட்டிலீன்னுதான் எழுதினேன். அப்புறம் நீங்க மறந்துடுன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. அடிச்சுட்டு எத்திலீன்னு எழுதிட்டேன்."

அடித்ததுதான் சரியான விடை, போச்சு. இரண்டு மதிப்பெண். தன் கண்ணால் பார்த்ததை, தானாகப் புரிந்துகொண்டதை, நான் கத்திய கத்தலுக்குப் பயந்து அடித்திருக்கிறாள். சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியம் வரவில்லை. "நல்லது, போய்ச் சாப்பிடு" என்றேன்.

முடிவு வந்தது. மற்ற ஐந்து பேரும் தேறிவிட்டார்கள், ஐந்து கை வரைந்தவர்களும், ஆறு கை போட்டவனும்கூட. அவளுக்குத் தேற இரண்டு மதிப்பெண் குறைந்தது.

நான்கு நாள் கழித்து மதிப்பெண் பட்டியல் வாங்கப் பள்ளிக்கு வந்தாள். நர்சிங் இடம் போய்விட்டதாகச் சொன்னாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் மொபைல் பாகம் பொருத்தும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், திங்கட்கிழமை போகிறாளாம். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. "நீ அடிச்ச விடைதான் சரி" என்றேன். "தப்பு என் மேலதான்."

"தெரியும் மிஸ். அன்னிக்கே பஸ்ல போறப்ப புக்கைப் பார்த்துட்டேன்."

"அப்ப ஏன்டி எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லலை?"

அவள் பட்டியலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீங்க கத்துவீங்கன்னுதான் மிஸ்."