சேனை வைத்தது யார்

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தவுடன் யாராவது ஒருவர் அதன் நாக்கில் சேனை வைப்பார்கள். சேனை என்றால் ஒரு சொட்டு தேனோ சீனித்தண்ணீரோ, அவ்வளவுதான். ஆனால் வைக்கிறவருடைய குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று மயிலாடியிலிருந்து மணவாளக்குறிச்சி வரை சத்தியம் செய்வார்கள்.

என் தலைப்பிள்ளைக்குச் சேனை வைக்கப்போவது தான்தான் என்று என் மாமியார் மூன்றாம் மாதத்திலேயே முடிவு கட்டிவிட்டார். அந்த மாதம் எனக்கு இரத்தம் பட்டிருந்தது. டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னார். பிள்ளை தங்குமா என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை, அழுதுகொண்டே கிடந்தேன். மாமியார் அதை நடிப்பு என்றார். துபாயிலிருந்து கணவர் கூப்பிட்டால் போனை என்னிடம் தராமல், "அவளுக்கு ஒண்ணும் இல்ல மக்கா, சும்மா கெடந்து அழுவுதா" என்பார். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்களை வைத்துக்கொண்டே சொன்னார்: "இவளுக்க அழுமூஞ்சிக் கொணம் பிள்ளைக்கு வரப்பிடாது. சேனை நான்தான் வைப்பேன்."

கறுவிக்கொண்டேன். அதற்குப் பிறகு என்னைத் தேற்றியது மருந்தும் இல்லை, சாமியும் இல்லை. பழிதான். நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் தேன் பாட்டிலோடு ஏமாந்து நிற்பதை நினைத்துக்கொள்வேன். மூச்சு சீராகிவிடும். ஏழாம் மாதம் என் வீட்டார் பலகாரம் கொண்டுவந்து என்னை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போன பிறகும் இதே வைத்தியம்தான்.

மகள் பிறந்தாள். "தேன், சீனித்தண்ணி ஒண்ணும் குடுக்கப்பிடாது, தாய்ப்பால் மட்டும்தான்" என்றாள் நர்ஸ். அந்த நர்ஸின் வாயில் சர்க்கரை போடலாம் போலிருந்தது எனக்கு.

"மாமியாரு வந்துரட்டும் மக்கா, பொல்லாப்பு வேண்டாம்" என்று அம்மா கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. என் பாலில் ஒரு சொட்டை விரலில் எடுத்து, "எனக்க கொணமே வரட்டும்" என்று சொல்லி மகளின் நாக்கில் வைத்தேன்.

மத்தியானம் மாமியார் பட்டுச்சேலை கட்டி வந்தார். கையில் தேன் பாட்டில், தேனில் தொட்டு வைக்க ஒரு தங்க மோதிரம்.

"சேனை வச்சாச்சு மாமி."

"ஆரு வச்சா?"

"நான்தான்."

அவர் முகம் செத்துப் போயிற்று. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "பிள்ளைய ஒருக்கா கையில தா" என்றார்.

"பால் குடிக்கா மாமி. கழியட்டும்."

பிள்ளை குடித்து முடித்து எப்போதோ உறங்கியிருந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்து மாமியாரை வெளியே போகச் சொல்லும்வரை, பிள்ளையை மூடியிருந்த சேலையை நான் விலக்கவே இல்லை.