அட்டையில் நாலாயிரம் சொற்கள்

நடந்தவை, வரிசைப்படி:

1. கண்டியில் ஆங்கில டியூஷன் நடத்தும் ஒரு மாஸ்டர், பிள்ளைகள் மனப்பாடம் செய்வதற்கு ஒரு சொற்பட்டியல் புத்தகம் வேண்டும் என்று என்னிடம் வந்தார்.
2. கணினியில் அதைச் செய்து கொடுத்தேன். ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.
3. அகராதியில் இல்லாத சொற்களுக்கு மஞ்சள் நிறம் போட்டுக் கொடுத்தேன்.
4. புத்தகம் கறுப்பு வெள்ளையில் அச்சாகி வந்தது.
5. கலஹாவில் இருக்கும் என் சித்தி மகள் அதை வாங்கி மூன்று மாதம் படித்தாள்.
6. ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஹோட்டல் ஒன்றில் நேர்முகப் பரீட்சைக்குப் போனாள்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஐந்து நாட்கள் இருந்தன. அந்த ஐந்து நாட்களை எந்த எண்ணுக்குக் கீழே எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் தொழில் மென்பொருளைச் சோதிப்பது. பிழை கண்டால் எண் போட்டு எழுதி வைப்பேன். திருத்துவது இன்னொருவர் வேலை. எழுதி வைத்ததும் என் பொறுப்பு முடிந்துவிட்டது என்று நினைப்பது இந்தத் தொழிலில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம்.

மாஸ்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர். வீட்டுக்கு வரும்போது கடையில் பொரித்த ரோல்ஸ் ஒரு பை கொண்டுவந்தார். நாங்கள் தட்டில் எடுத்து வைக்கும் முன்பே இரண்டைத் தின்று முடித்து, அதே விரலால் என் லப்டொப் திரையைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்க மகள். இங்கிலீஷ் சொல்லுக்குத் தலை ஒண்ணு, ஒடம்பு ஒண்ணு, வால் ஒண்ணு. அன், ரீ, டிஸ் எல்லாம் தலை. மென்ட், நெஸ், ஏபிள் எல்லாம் வால். ஒடம்ப நான் தாறேன். தலையையும் வாலையும் நீங்க கம்பியூட்டர்ல ஒட்டிருங்க. அஞ்சு நிமிஷ வேலதானே?"

திரையில் எண்ணெய்த் தடம் படிந்தது. அவர் போன பிறகு மூன்று முறை துடைத்தேன்.

அவர் கொடுத்த உடல்கள் இருநூறுக்கும் மேல். அவற்றை அட்டவணையில் ஒரு நிரலில் போட்டேன், தலைகளை ஒரு நிரலில், வால்களை ஒரு நிரலில். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பெருக்கச் சொன்னேன். நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. பார்க்க எல்லாமே ஆங்கிலம் போலத்தான் இருந்தன.

ஆனால் ஆங்கிலம் அப்படிப் பெருகுவதில்லை. 'பே'யோடு 'மென்ட்' சேர்ந்தால் பேமென்ட். 'மூவ்'வோடு சேர்ந்தால் மூவ்மென்ட். 'குக்'கோடு சேர்ந்தால் ஒன்றுமில்லை. குக்மென்ட் என்று எவரும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் காட்டுவதற்கு விதி கிடையாது. பேசுகிறவர்களுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். சில இடங்களில் வேறொரு சொல் முன்னமே வந்து உட்கார்ந்திருக்கும். 'பேட்' இருக்கும்போது 'அன்குட்' எதற்கு? இதெல்லாம் பெருக்கல் வாய்ப்பாட்டுக்குத் தெரியாது. அதனால் முழுப் பட்டியலையும் ஓர் அகராதிக் கோப்போடு ஒப்பிட்டேன். அதில் கிடைக்காத வரிசைகள் மஞ்சளாகின. கீழே இழுத்துப் பார்த்தபோது திரை முழுக்க மஞ்சள். வெள்ளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது.

தொலைபேசியில் சொன்னேன். "சேர், மஞ்சள் போட்டதெல்லாம் இல்லாத சொல்லு. அதுகள வெட்டிட்டு அச்சடிங்க."

"சரி மகள், சரி. நான் பாத்துக்கிறேன்."

பிழை அறிவிக்கப்பட்டது. வேலை முடிந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கலஹாவுக்கு, சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி மகள் கதிரையில் காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மடியில் அந்தப் புத்தகம். அட்டையில் பெரிய எழுத்தில் 'நாலாயிரம் சொற்கள்'. நான்கு மூலையிலும் காய்ந்த சந்தனமும் குங்குமமும். மாஸ்டரின் வழக்கம் அது. அச்சகத்திலிருந்து வரும் முதல் புத்தகக் கட்டைக் கோயிலில் சாமி காலடியில் வைத்து, பூசை முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துத்தான் வகுப்பில் கொடுப்பார்.

"முதல் கட்டுல எனக்கு ஒண்ணு கெடச்சிச்சு அக்கா. எல்லாருக்கும் கெடைக்கல," என்றாள்.

வாங்கித் திறந்தேன். மஞ்சளைக் காணவில்லை. பிலிமத்தலாவையில் இருக்கும் அச்சகத்துக்குக் கறுப்பு மை மட்டும்தான் சொல்லியிருந்தார் போலும். ஸ்லீப்மென்ட். டிஸ்குக். ரீஸாட். அன்வெயிட். பக்கம் பக்கமாக, நல்ல சொற்களுக்கு நடுவில், அரிசிக்குள் எலிப் புழுக்கை கிடப்பது போலக் கிடந்தன. சித்தி கொடுத்த தேநீரை அப்படியே கீழே வைத்தேன்.

"ஏன்க்கா, சீனி கூடவா?"

"இல்ல, சூடா இருக்கு."

"வாற வெள்ளிக்கெழம இன்டர்வியூ. ஹோட்டல் வரவேற்பு மேசைக்கு ட்ரெய்னிங்குக்கு ஆள் எடுக்கிறாங்க. இது கெடச்சா அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறத நிப்பாட்டிருவேன்." பிறகு என் கையில் இருந்த புத்தகத்தைக் காட்டினாள். "கேளுங்கக்கா. எந்தப் பக்கம்னாலும் கேளுங்க."

கேட்டேன். பக்கம் இருபத்தொன்று. மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். முதலில் மாஸ்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்வோம் என்று எனக்கு நானே ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டேன். உண்மையில், செய்தது நான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து மாஸ்டரின் வகுப்புக்குப் போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி. வெளியே மழை. உள்ளே நனைந்த சப்பாத்துக் காலுறையின் நாற்றம். மாஸ்டர் மைக்கில் உடலைச் சொன்னார், மண்டபம் முழுவதும் வாலைச் சேர்த்துக் கத்தியது.

"குக்!"

"குக்மென்ட்!"

இடைவேளையில் பிடித்துக் கேட்டேன்.

"அட்டைய முதல்லயே அடிச்சாச்சு மகள். நாலாயிரம்னு போட்டாச்சு. மஞ்சள எடுத்தா ஆயிரம்கூடத் தேறல. அட்டைய வீசவா சொல்றீங்க?"

"பிள்ளைங்க பிழையாப் படிக்கிறாங்க சேர்."

அவர் சிரித்தார். கட்லட் துகள் மீசையில் ஒட்டியிருந்தது. "எந்தப் பிள்ள மகள் நாலாயிரமும் படிக்கப் போகுது?"

ஒரு பிள்ளை படித்திருந்தாள். அதை அவரிடம் சொல்லாமல் படியிறங்கினேன். புதனும் வியாழனும் தொலைபேசியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

வெள்ளி பின்னேரம் அவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே பேசினாள். சாப்பாடு பிந்தியதாக முறைப்பாடு செய்யும் விருந்தாளிக்குப் பதில் கடிதம் எழுதச் சொன்னார்களாம்.

"நல்லாத்தான் எழுதினேன். ரெண்டு மிஸ் இருந்தாங்க. ஒருத்தங்க வாசிச்சு மத்தவங்ககிட்டக் காட்டினாங்க. அவங்க டிஷுவால வாயப் பொத்திக்கிட்டாங்க. எழுத்து வடிவில்லையாக்கும்னு நெனச்சேன். பொறகு கேட்டாங்க, 'இந்தச் சொல்லெல்லாம் நீங்களே செஞ்சதா?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"இல்ல மிஸ், பொஸ்தகத்துல இருக்குன்னு சொன்னேன். பக்கமும் சொன்னேன்."

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். இருபத்தோராம் பக்கத்தைத் திறந்து, என்னிடம் நியாயம் கேட்பது போல விரலை வைத்துக் காட்டினாள். "இங்க இருக்குதானே அக்கா? சாமி கால்ல வச்சுக் குடுத்த பொஸ்தகத்துல பிழையா இருக்கும்?"

சொன்னேன். தலை, உடல், வால், மஞ்சள், அட்டை, செவ்வாய்க்கிழமை, எல்லாவற்றையும்.

"அப்ப ஞாயித்துக்கெழம நான் ஒப்புவிக்கிறப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா."

புத்தகத்தைக் கட்டிலில் வைத்தாள். "இத நீங்களே வீசிருங்க. பொட்டு வச்சத என்னால வீச ஏலாது." கடைசி கலஹா பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தும் உடனே புறப்பட்டாள்.

மாஸ்டரை நினைத்தால் அந்த மீசைத் துகள்தான் முதலில் வருகிறது. அதைவிட அருவருப்பானது இன்னொன்று. அவள் ஒப்புவித்து முடித்ததும் நான் "கெட்டிக்காரி" என்று சொன்னேன்.

இன்றைய நிலை இது. ஹோட்டலில் அவளை எடுக்கவில்லை. அவள் கலஹாவில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள், என் அழைப்பை எடுப்பதில்லை. சித்தி இன்னும் மலைக்குப் போகிறார். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு பச்சை அட்டையோடு வந்திருக்கிறது, உள்ளே எதுவும் மாறவில்லை. முதல் பதிப்பின் ஒரு பிரதி, பொட்டோடு, என் மேசை லாச்சியில் இருக்கிறது. நானும் அதை வீசவில்லை.