ஓர் ஆள் குறைய வேண்டும்

இன்று எண்ணூர் பஸ்ஸில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். ராயபுரம் கிடங்கில் என்னோடு வேலை பார்த்த அந்தோணியின் மகன்.

எழுபதுகளில் அது ஒரு சர்வதேச உணவு உதவி அமைப்பின் கிடங்கு. ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லித் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. யாரை என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது, கோதுமை மூட்டைகள் சரிந்து அந்தோணி இறந்துபோனார்.

துறைமுக வேலையில் இறந்திருந்தால் வாரிசு என்று மகனுக்கு வேலை கிடைத்திருக்கும். எங்கள் அமைப்பு அந்தோணியின் பணியிடத்தையே எடுத்துவிட்டது. யாரையும் நீக்காமல் ஆள்குறைப்பை முடித்ததற்குத் தலைமையகம் எங்களைப் பாராட்டியது.

மகன் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "சாரு எங்க நைனா ஆபீசு. ஒர்த்தரக்கூட வேலைய வுட்டுத் தூக்கல. அவ்ளோ நல்ல ஆபீசு."

அவர் சொன்னதில் பொய்யில்லை. நீங்களாக இருந்தால் அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பீர்களா?