அழுக்கில்லாத தண்ணீர்

கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் கொஞ்சம் கடல் இருக்கிறது. ஓர் ஆள் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர், பாறை, சில மீன்கள், பாறைமேல் ஒரு பவளம். பவளம் என்றால் கல் என்றுதான் நினைத்திருந்தேன். இது உயிர். சின்னச் சின்னக் கைகளாக விரியும், மூடும், மறுபடி விரியும். ஓய்வே கிடையாது. திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் மீன் கடையிலிருந்து வாராவாரம் அதைப் பார்த்துக்கொள்ளப் போவேன். போனதும் முதலில் அதன் முன்னால் சும்மா நிற்பேன்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கைகள் ஆடவில்லை. சுருங்கிக் கிடந்தன.

"நாலு நாளா இப்படித்தான் தம்பி," என்றார் வீட்டுக்கார அக்கா. "எங்க வூட்டுக்காரரு குவைத்துலேருந்து தெனம் வீடியோ கேக்குறாரு. பழைய வீடியோவ அனுப்பிக்கினு இருக்கேன். வெள்ளிக்கெழம ஆளே வந்து எறங்குறாரு. அவரு கையால வெச்ச பூ இது. செத்துப்போச்சுன்னா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிப்பேன்?"

தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது.

"என்னா பண்ணீங்கக்கா?"

"அவரு வர்றாரேன்னு சுத்தமா வெச்சேன். அழுக்காவக் கூடாதுன்னு மீனுக்குத் தீனியக் கொறச்சேன். தண்ணிய வடிகட்டுற கரிப் பை ஒண்ணு இருந்த எடத்துல மூணு போட்டேன்."

புரிந்துவிட்டது. மீன் தின்று கழிப்பதை நுண்ணுயிர்கள் கரைத்துக் கொடுக்க, அதில்தான் பவளம் பிழைக்கிறது. கரியோ அழுக்கோடு அயோடினையும் இழுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவோடு அடுத்தவர் கேப்பைக் கொல்லையில் எரு கொட்டியிருக்கிறேன். கல்லூரியில் நைட்ரஜன் சுழற்சியை மனப்பாடம் செய்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் உறைத்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

இரண்டு கரிப் பைகளை வெளியே எடுத்தேன். "தீனிய பழையபடி போடுங்க. கரி அயோடினையும் இழுத்துக்கிச்சு."

"மீனுக்குச் சோறு போட்டா பூ எழுந்துக்குமா? நல்லா சொன்ன போ. அந்த அயோடினயாவது ஒரு மூடி ஊத்து."

"ஐயோ, ஜாஸ்தியானா மொத்தமும் பூடும்க்கா."

சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து கலந்து நிறம் பார்த்தேன். அயோடின் குறைவுதான். அவ்வளவு தண்ணீருக்கும் இரண்டே சொட்டு விட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்த நேரத்தில் நானும் அங்கிருந்தேன். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் தொட்டி முன்னால் குந்தினார்.

"வீடியோல ஒரே மீனு தெனமும் ஒரே எடத்துல திரும்புச்சு. நா கண்டுக்கலன்னு நெனச்சியா?" என்றார் மனைவியிடம்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா அழுவ. அங்கேருந்து நா என்னா பண்றது?"

பவளத்தில் பாதி இன்னும் சுருங்கியே கிடந்தது. ஓரத்தில் ஒரு கை விரிந்தது. மூடியது. மறுபடி விரிந்தது. தீனியா, கரியை எடுத்ததா, அந்த இரண்டு சொட்டா, எது அதை எழுப்பியது என்று உறுதியாகச் சொல்ல எனக்கு இன்றும் தெரியாது.

"மாஷா அல்லாஹ்," என்று அவர் மெதுவாகச் சொன்னார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து எந்தக் கை விரியும் என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.