பக்கெட்டில் இறங்கிய சர்க்கரை

என் கணவருக்கு மூக்கு வேலை செய்யாது. கொரோனாக் காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது, பிறகு திரும்பவே இல்லை. வீட்டில் பீர் தயாரிக்கும் ஆசை பிடித்தவருக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. அதனால் அவருக்கு மூக்காக நான் இருந்தேன்.

வளைகுடாவில் வேலை பார்த்தபோது அறையில் கூடத் தங்கியிருந்தவர்கள் திருட்டுத்தனமாகச் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். ஊருக்கு வரும்போது அந்த வித்தையோடு சர்க்கரை வியாதியையும் கொண்டுவந்தார். தினமும் இன்சுலின் ஊசி. "ஊசியை விட்டா உயிருக்கே ஆபத்துங்க. ஊசி போட்டுக்கிட்டுக் குடிக்கவும் கூடாது" என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். என் கணவர் பவ்யமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியிருக்கவே கூடாது.

குத்தாலத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் மூடி போட்ட வெள்ளை பக்கெட் வந்து உட்கார்ந்தது. முளைகட்டின பார்லியில் செய்த மால்ட்டும், அதைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட்டும் கூரியரில் வந்தன. நான் அதை ஊறல் என்றுதான் சொல்வேன், சாராயம் காய்ச்சுகிறவர்கள் சொல்கிற மாதிரி. அவருக்குப் பொசுக்கென்று கோபம் வரும். "ஊறல் இல்லடி, பீரு." சண்டை போட்டுப் பார்த்தேன். ருசி பார்க்க அரை டம்ளர்தான் என்றார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு வேலை ஆயிற்றே என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் தடவை மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாறியது. நான் சொன்னேன், அவர் போனில் தேடினார். கொஞ்ச நாள் பொறுத்தால் போய்விடும் என்று போட்டிருந்தது, போனது. அடுத்த தடவை வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை. "கொதிக்கும்போது மூடி வச்சீங்களா?" என்றேன். வைத்திருந்தார். கோஸை மூடி வேகவைத்தால் வீடே நாறும் என்பது எனக்குத் தெரியும், ஆவி வெளியே போக வேண்டாமா? இன்னொரு தடவை பழைய வெண்ணெய் வாடை, அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்ததால் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் முகர்ந்து பெயர் சொல்ல, அவர் காரணம் கண்டுபிடிப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பக்கெட்டில் மிதக்கவிட்டுப் பார்க்க ஒரு கண்ணாடிக் குச்சி வைத்திருந்தார். கரைசலில் சர்க்கரை குறையக் குறைய அது கீழே இறங்கும். காலையில் நான் அடுப்படியில் நின்று, "சர்க்கரை எப்படிங்க இருக்கு?" என்று கேட்பேன். பின்னறையிலிருந்து பதில் வரும். "நல்லா எறங்கிடுச்சு." என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். மாமியாரும் கேட்டுவிட்டு, வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டது வீண் போகவில்லை என்பார்.

சித்திரை வெயிலில் நெயில் பாலிஷ் வாடை வந்தது. ஈஸ்ட்டுக்குச் சூடு அதிகமானால் அப்படித்தான் வருமாம். பக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினார். வாடை குறையவில்லை. முழுவதையும் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு, புது ஈஸ்ட் வரவழைத்துப் போட்டார். அறைக்குள் போனால் அதே வாடை. அவரும் இளைத்துக்கொண்டே போனார், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். வெயில் என்றார். அந்த மாதம் ஆற்றிலேயே தண்ணீர் இல்லை, ஊரே தாகமாகத்தான் இருந்தது, நானும் வெயில் என்றே நினைத்தேன்.

கடைசியில் வெறுத்துப்போய் அதையும் கொட்டிவிட்டு, பக்கெட்டைக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்தார். மதியம் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். தலையணை வைக்கக் குனிந்தேன், குப்பென்று நெயில் பாலிஷ் அடித்தது. வீட்டில் ஒரு சொட்டு பீர் இல்லை. அவர் வாய்க்குப் பக்கத்தில் போய் முகர்ந்தேன். அங்கிருந்துதான் வந்தது.

"ஊசி போட்டீங்களா?"

சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஊசி மருந்து பிரிக்காமலே இருந்தது.

"சர்க்கரை எறங்கிடுச்சுன்னு தினம் சொன்னீங்களே."

"அது பக்கெட்டுலடி" என்றார். "ஊசி போட்டுக்கிட்டுக் குடிக்கக் கூடாதுன்னாரு. அதான் ஊசியை விட்டுட்டேன்."

கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. அதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். மூச்சு, ஓடி வந்தவருக்கு வாங்குவது போல வாங்கியது. பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது பேச்சு குழறிவிட்டது.

வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர் குனிந்தவுடனே முகத்தைச் சுளித்தார். "சரக்கு வாடை வருது. ஓரமா போடுங்க, தெளியட்டும்."

"குடிக்கலைங்க. சர்க்கரை இருக்கு, ஊசி போடலை."

"வாடை வருதேம்மா."

"அது சாராய வாடை இல்லைங்க, வேற. எனக்கு வாடை தெரியும்."

"குடிகாரன் பொண்டாட்டி எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று போய்விட்டார். வெள்ளைக்கோட்டு போட்ட பெண் ஒருத்தி வந்தாள். அவளிடமும் சொன்னேன். அவளும் முகர்ந்துவிட்டு, குடித்துவிட்டு விழுந்த வேறு ஒருவரைக் காட்டி, வரிசையில் இருங்கள் என்றாள். அழுகின முட்டை, கோஸ், வெண்ணெய் என்று நான் சொன்ன ஒவ்வொன்றையும் நம்பிய ஒரே மனிதர் ஸ்ட்ரெச்சரில் கண் சொருகிக் கிடந்தார். அங்கே நின்றுகொண்டு கத்தினேன், கையைப் பிடித்து இழுத்தேன், காலில் விழாத குறை. பெரிய டாக்டர் வந்து ரத்தம் எடுக்கச் சொன்னபோது பொழுது சாய்ந்துவிட்டது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஊசி இல்லாமல் சர்க்கரை ஏறி ரத்தம் கெட்டுப்போனால் மூச்சில் இந்த வாடைதான் வரும், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார்.

விடிவதற்குள் போய்விட்டார்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் குடித்துச் செத்தவர் என்றே பேசிக்கொண்டார்கள். காரில் கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் சாட்சி. "வாடை வந்துச்சே, நானே பார்த்தேன்" என்கிறார். மாமியாரும் அதை நம்பிவிட்டார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது வேறு வாடை என்று இன்னும் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.