பிராக்கன்லா மன்றம் விழுந்த திங்கட்கிழமை

ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு பிராக்கன்லாவில் தரை அதிர்ந்தது.

ஊரில் நிலக்கரிச் சுரங்கம் மூடி நாற்பத்தேழு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அறுபதைத் தாண்டிய பெண்கள் அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தார்கள். தரை அதிர்ந்தால் வாசலுக்கு ஓடவேண்டும், யாருடைய புருஷன் உள்ளே இருக்கிறான் என்று பார்க்கவேண்டும். அம்மாக்கள் ஓடியதைப் பார்த்து வளர்ந்த கால்கள் அவை. ஓடி வந்த பிறகுதான், கீழே இறங்க ஆளும் இல்லை, சுரங்கமும் இல்லை என்பது அவர்களுக்கு உறைத்தது.

நோரீன் ஹெப்பிலும் அப்படித்தான் வந்தாள். அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி, காலில் வீட்டுச் செருப்பு. எதிர்வீட்டு ஒலிவ் டீஸ்டேல் தலையில் முடி சுருட்டும் கம்பிகளோடு நின்றுகொண்டு தெருவின் மேல்முனையைக் காட்டினாள்.

"நோரீன், அங்க பாரு. உன் மன்றம்டி."

தெருமுனைக்கு மேலே மஞ்சள் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் இருக்கவேண்டிய மணிக்கூண்டைக் காணவில்லை.

அந்தக் கட்டடத்தின் முழுப்பெயர் சுரங்கத் தொழிலாளர் மன்றம். விக்டோரியா ராணி காலத்தில், 1878-இல், சுரங்கக்காரர்கள் வாரக்கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக் கொடுத்துக் கட்டிக்கொண்டது. கீழே வாசகசாலை, பில்லியர்ட்ஸ் அறை. மேலே மேடையோடு பெரிய கூடம். அதே தெருவில் மெதடிஸ்ட் ஆலயமும் கூட்டுறவுக் கடையும் அதே மஞ்சள் செங்கல்லில் நின்றன. ஆனால் ஆலயம் சாமிக்கு, கடை சாமானுக்கு, மன்றம்தான் எங்களுக்கு என்று ஊரில் சொல்வார்கள். நோரீன் அதை முப்பத்தொரு வருஷமாகக் கூட்டித் துடைத்து வந்தாள். புருஷன் வில்ஃப் பஸ் ஓட்டினான், குழந்தை இல்லை. வில்ஃப் இறந்த பிறகு வாரத்தில் மூன்று நாளை ஐந்து நாளாக்கிக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடற்கரைப் பக்கத்து ஆள் ஒருவர், கார்த் பர்விஸ் என்று பெயர், மன்றத்தை விலைக்கு வாங்கினார். அடுக்குமாடி வீடு கட்டப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. ஊரார் மனு போட்டார்கள். பழங்காலக் கட்டடம் என்று பதிவு செய்து பாதுகாக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. இந்தத் திங்களுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு. அவருக்காக நோரீன் சனிக்கிழமையே பித்தளைப் பிடிகளையெல்லாம் தேய்த்து வைத்திருந்தாள்.

அவள் மேல்முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டடத்துக்கு முகம் இல்லை. முன்சுவர் முழுதும் விழுந்திருந்தது. மாடியில் மேடையின் சிவப்புத் திரை வெட்டவெளியில் ஆடிக்கொண்டிருந்தது. கம்பிவேலி போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு பொக்லைன் இயந்திரம் கையை நீட்டிப் படிக்கட்டு இருந்த பக்கத்தைக் கவ்வி இழுத்தது.

வேலியோரம் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் நின்றான்.

"பின்னாடி போங்கம்மா. கல்லு தெறிக்கும்."

நோரீன் ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்து அவனிடம் நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

"உள்ள என் பக்கெட்டு இருக்குய்யா," என்றாள்.

எத்தனையோ சொல்லியிருக்கலாம். யாரைக் கேட்டு இடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். அந்த நிமிஷம் வாயில் வந்தது அதுதான். அதை நினைத்து நினைத்துப் பிறகு ரொம்ப நாள் வெட்கப்பட்டாள்.

மஞ்சள் சட்டைக்காரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி இயந்திரத்துக்குக் கை காட்டினான். இரைச்சல் நின்றது. பக்கக் கதவைத் திறந்து ஓட்டுநர் இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றினான். கத்பர்ட். அவளுடைய சொந்தத் தம்பி.

வேலிக்கு இந்தப் பக்கம் அப்போது இருபது பேராவது நின்றிருப்பார்கள். ஒலிவ், "அட கடவுளே, நம்ம கத்பர்ட்டு," என்று முணுமுணுத்தாள்.

அவன் அக்காவைப் பார்த்தான். பக்கத்தில் வரவில்லை. தலைக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். இயந்திரம் உறுமியது.

கவுன்சில் அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். விடுமுறை நாள்; பதிவு செய்த குரல்தான் பேசியது. போலீஸ் வந்தது. பர்விஸின் ஆள் ஒரு காகிதத்தைக் காட்டினான். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரலுக்கு ஆபத்து, அவசர வேலை என்று அதில் எழுதியிருந்தது. காகிதத்தை மறுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று போலீஸ்காரர்கள் ஓரமாய் நின்றார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு முழங்காலுக்கு மேல் உயரமாய் அங்கே எதுவும் இல்லை. அதுவரை நோரீன் வீட்டுச் செருப்போடு அங்கேயே நின்றாள். யாரோ தோளில் ஒரு கோட்டைப் போட்டார்கள். யாரோ கையில் டீ கொடுத்தார்கள். அது கையிலேயே ஆறிப்போனது. அழவில்லை. கண்ணைக்கூடச் சரியாகச் சிமிட்டவில்லை என்று ஒலிவ் பிறகு சொன்னாள். வீட்டில் கஞ்சி கரிந்து, பாத்திரம் ஓட்டையாகியிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் கத்பர்ட் வந்தான். பின்வாசல் வழியாக, எப்போதும் வருவதுபோல. கையில் அவன் தோட்டத்து லீக் கீரைக்கட்டு, பெரிய வெங்காயத்தாள் மாதிரி. அந்த வட்டாரத்தில் லீக் கீரை வளர்க்கும் போட்டியில் இரண்டு முறை பரிசு வாங்கியவன் அவன். நோரீன் கட்டைத் தொடவில்லை.

"உக்காரச் சொல்ல மாட்டியா அக்கா?"

"நின்னுக்கிட்டே சொல்லு."

"எனக்குக் காகிதம் காட்டுனாங்க. முத்திரையெல்லாம் இருந்துச்சு. நான் இல்லாட்டி இன்னொருத்தன் வந்து இடிச்சிருப்பான்."

"அப்ப அந்த இன்னொருத்தனை இடிக்கவிட்டிருக்கலாமேடா. அவனுக்கு அக்கா இங்க இல்லையே."

கத்பர்ட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். ஐம்பத்தொன்பது வயசு. கடற்கரைச் சுரங்கம் மூடும்வரை நிலத்துக்கடியில் இருந்துவிட்டு, பிறகு இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டவன். மூச்சு விடுவதே பாதிதான்.

"பயமாத்தான் இருந்துச்சு. ஒரு அடி போட்டுப் பாப்போம், யாராவது வந்து தடுப்பாங்கன்னு நெனச்சேன். யாரும் வரல. முதல் அடி விழுந்தப்புறம் நிறுத்தி என்ன பிரயோஜனம்?"

அப்போதுதான் நோரீனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு வீட்டு போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிட்டார்கள். எவனோ தப்பாகப் போட்டிருக்கிறான் என்று அவளும் வைத்துவிட்டாள்.

"காலையில போன் பண்ணது நீயா?"

அவன் தலையைக் குனிந்தான்.

"திங்கக்கிழமை நீ சீக்கிரமே போயிடுவியே. உள்ள இருந்துடக் கூடாதேன்னு..."

நோரீன் கணக்குப் போட்டுப் பார்த்தாள். காகிதத்தை நம்பினேன் என்று சொன்னவன், ஒரு மணி நேரம் முன்னாலேயே அக்கா எங்கே இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊரே எழுந்து வேலியைச் சுற்றி நின்றிருக்கும். அவன் சொல்லவில்லை. மூச்சு விட்டான், வைத்தான்.

"என் உயிர்மேல அவ்வளவு அக்கறை," என்றாள். கதவைக் காட்டினாள். "போடா. இந்தக் கீரையையும் எடுத்துட்டுப் போ."

அதன்பின் அவள் அவனோடு பேசவில்லை.

கோடை முடிவில் விசாரணை நடந்தது. மன்றத்தை எழுப்பிய ஊரில் கூட்டம் நடத்த இடம் இல்லாமல், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் நாற்காலி போட்டார்கள். கவுன்சில் பர்விஸுக்கு உத்தரவு போட்டிருந்தது: அனுமதி இல்லாமல் இடித்தாய், இருந்தபடியே திருப்பிக் கட்டு. பர்விஸ் அதை எதிர்த்து முறையிட்டிருந்தார். அவருடைய வக்கீல் உயரமான ஆள், நல்ல குரல்.

"இருந்தபடியே என்றால் எப்படி?" என்று அவர் விசாரணை அதிகாரியைக் கேட்டார். "வரைபடம் கிடையாது. வெளிப்புறத்துப் படம் மூன்றே மூன்று. உள்ளே எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் திருப்பிக் கட்டச் சொல்வது நியாயமா?"

பின்வரிசையிலிருந்து நோரீன் எழுந்தாள்.

"எனக்குத் தெரியும்."

"நீங்கள்?"

"கூட்டித் துடைக்கிறவ."

வக்கீல் லேசாகச் சிரித்தார். விசாரணை அதிகாரி, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், சிரிக்கவில்லை. முன்னால் வந்து உட்காரச் சொன்னாள்.

நோரீன் சொல்ல ஆரம்பித்தாள். வாசல் தரையில் ஓடு பதினெட்டு வரிசை, வரிசைக்கு இருபத்திரண்டு. கதவோரம் மூன்று ஓடு உடைந்து வேறு பழுப்பு ஓடு ஒட்டியிருந்தது. படி மொத்தம் இருபத்து நாலு; பதினாலு ஏறினால் திருப்பம், அப்புறம் பத்து. சுவரில் பச்சை ஓடு எதுவரைக்கும் என்று கேட்டதற்கு எழுந்து நின்று தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். ஒருவர் அளவு நாடாவைக் கொண்டுவந்து அவள் தோளை அளந்தார். வாசகசாலைக் கதவில் பித்தளைத் தகடு எத்தனை, ஒவ்வொன்றிலும் ஆணி எத்தனை, எந்த ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும். ஒரு மணி நேரம் ஆனது. எழுதியவருக்குக் கை வலித்தது.

வக்கீல் ஒரு படத்தை உயர்த்தினார்.

"மாடிக்கூடத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல். சுரங்கத் தொழிலாளி விளக்கு பிடித்து நிற்கிறான். எந்தக் கையில் அம்மா?"

"இடது கை."

"இந்தப் படத்தில் வலது கையில் அல்லவா இருக்கிறது?" அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "இதுதான் உங்கள் ஞாபகமா?"

நோரீன் படத்தைக் கிட்டத்தில் வாங்கிப் பார்த்தாள்.

"இது தெருவுல நின்னு எடுத்ததுய்யா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நான் உள்ள நின்னு துடைச்சவ. உள்ள வந்து பாருங்க, இடது கைதான்." படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "வந்து பார்க்கத்தான் வழியில்லாமப் பண்ணிட்டீங்களே."

ஒலிவ் கையைத் தட்டினாள். அறை முழுக்கத் தட்டியது.

மறுநாள் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. பர்விஸ் தரப்பு ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்தைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தபோது, கதவோரம் நின்றிருந்த கத்பர்ட் கை தூக்கினான்.

"ஆஸ்பெஸ்டாஸுன்னு ஒண்ணும் கிடையாது," என்றான். "செவ்வாய்க்கிழமைக்குள்ள தரைமட்டமாகணும்னு என்கிட்ட சொன்னாங்க. அதிகாரி வர்றாருன்னும் சொன்னாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இடிச்சேன்."

வக்கீல் எழுந்தார். "இதனால் குற்றம் உங்கள்மீதே விழும் என்று புரிகிறதா?"

"விழட்டும். விழவேண்டியதுதான்."

பர்விஸின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. நோரீன் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். தெரிஞ்சேதான். அவளிடம் பின்வாசலில் சொல்லாத அந்த ஒரு சொல்லை அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டான். அது அவளை ஆற்றியதா, இன்னும் கொதிக்க வைத்ததா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கவுன்சில் போட்ட உத்தரவு செல்லும் என்று தீர்ப்பானது. பர்விஸ் கட்டியே ஆகவேண்டும். கத்பர்ட்டை அதற்கப்புறம் எந்தக் கட்டடக்காரரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கூட்டுறவுக் கடைக்குள் அவன் நுழைந்தால் பேச்சு நிற்கும். வெளியே போனதும் தொடரும்.

கட்டி முடிக்க மூன்று வருஷம் ஆனது. கொத்தனார்கள் வாரம் ஒருமுறை நோரீனைக் கூப்பிட்டு, இது சரியா, அது சரியா என்று கேட்டார்கள். திறப்பு நாளன்று முதல் ஆளாக அவளைத்தான் உள்ளே விட்டார்கள். ஓடு சரி. பச்சைச் சுவர் சரி. விளக்கு இடது கையில். படியில் கால் வைத்தாள். மூன்றாவது படியில் தடுக்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய படிகள் நடுவில் குழிந்திருக்கும். நூற்று முப்பது வருஷத்து பூட்ஸ்கள் தேய்த்த குழி. அந்தப் பள்ளத்தைத் தேடி இறங்கிய கால், தட்டையான புது மரத்தில் இடித்தது. எல்லாவற்றையும் சொன்னவள் இதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள். ஏனென்றால் அதை அவள் கண்ணால் கவனித்ததே இல்லை, காலால்தான் தெரியும். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷமும் வராத அழுகை, வாத்தியக் குழு வெளியே வாசிக்க ஆரம்பித்த நேரத்தில் வந்தது. பழைய மன்றம் உண்மையிலேயே போய்விட்டது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, எதிரே ஆலயத்துச் சுவரோரம் கத்பர்ட் தனியாக நின்றிருந்தான். யாரும் அவனைச் சுற்றி நிற்கவில்லை. நோரீன் ரோட்டைக் கடந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்து பாக்கலையா?"

"நான் எப்படி அக்கா உள்ள வர்றது?"

"கால் இருக்கில்ல? வா."

வந்தான். இருபத்து நாலு படியும் ஏறினான். மாடிக்கூடத்தில் ஜன்னல் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நோரீன் அவன் பக்கத்தில் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றாள்.

இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில்தான் சாப்பிடுகிறான். கால்பந்து பேசுகிறார்கள், லீக் கீரையைப் பேசுகிறார்கள், ஒலிவின் முட்டுவலியைப் பேசுகிறார்கள். தம்பியை மன்னித்துவிட்டாயா என்று ஒலிவ் ஒருநாள் நேராகவே கேட்டாள்.

"தெரியலடி," என்றாள் நோரீன். "சோறு போடறேன். அது வரைக்கும்தான் வந்திருக்கேன்."

திங்கள், புதன், வெள்ளியில் மன்றத்தைத் துடைக்கப் போகிறாள். எழுபதைத் தொடப் போகிறது. படியேறும்போது இன்னும் கைப்பிடியை விடுவதில்லை.