தாழ்வான படி

செம்மங்குப்பம் தாண்டி, சிதம்பரம் போகும் சாலையோரத்தில், பழைய வேன்களைக் கேரவனாக்கி விற்கும் ஷெட் ஒன்றில் நிற்கிறோம். பக்கத்து ஆலைகளின் ரசாயன நெடியில் எங்கள் இரண்டு நாய்களும் தும்முகின்றன. விடுமுறைக்கு அவற்றையும் கூட்டிப்போக ஒரு சின்ன கேரவன் வேண்டும். காலையில் கடலூரில் பார்த்த இரண்டிலும் படி என் இடுப்பு உயரம். கேரவன் கட்டுகிறவர்கள் கிழட்டு நாயைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. எங்கள் கிழவன் பாண்டிக்கு இடுப்பில் வலுவில்லை. தானாக எதிலும் ஏறி மாதங்களாகின்றன. அவனுக்கு இது கடைசி விடுமுறை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஷெட்காரர் ஒரு வெள்ளை வேனின் பின்கதவைத் திறக்கிறார். உள்ளே புது மெத்தை, சின்ன அடுப்பு. படி முழங்காலுக்கும் கீழே இருக்கிறது.

"எப்படி இவ்ளோ தாழ்வா வச்சீங்க?" என்கிறாள் என் மனைவி.

"நான் வைக்கலம்மா, வாங்கும்போதே அப்படித்தான். பொய் சொல்லி விக்க மாட்டேன். இது அமரர் ஊர்தியா ஓடின வண்டி. பொணத்த ஏத்தி எறக்கத் தோதா தாழ்த்தியிருக்காங்க. கேட்டதும் எல்லாரும் போயிடறாங்க."

மனைவி என் கையைப் பிடித்து இழுக்கிறாள். சின்ன நாய் முகர்ந்துவிட்டுப் பின்வாங்குகிறது. வேனின் தரையில் ஸ்ட்ரெச்சர் ஓடப் பதித்த இரண்டு இரும்புத் தடங்களின் இடுக்கில் காய்ந்த சாமந்தி இதழ்கள் ஒட்டியிருக்கின்றன.

பாண்டி படியில் முன்கால்களை வைக்கிறான். யாரும் தூக்கவில்லை. தானே ஏறி, அந்தத் தடங்களுக்கு நடுவே போய்ப் படுத்து, வாலைத் தரையில் தட்டுகிறான்.

"வேற வண்டி காட்டட்டுமாம்மா?"

மனைவி என் கையை விடுகிறாள்.

"வேணாங்க. அந்தப் பூவ மட்டும் எடுத்துடுங்க."